காற்றின் தலையில் கட்டிய பிழை

1

ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள இச்சிறு நகருக்கு நான் வந்து இரண்டு ஆண்டுகள் நிறைவுற்ற நாளை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அமர்ந்து கழித்தேன். புலம்பெயர்ந்தவனின் ஆண்டுநிறைவுக்கு அதைவிடப் பொருத்தமான மண்டபம் கிடையாது. என் மகள் முத்துச்செல்வி பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு வேலை உள்ளவரைதான் எனக்கு இந்நாட்டில் இடம். ஆதலால் ஆண்டுக்கொருமுறை அவள் தன் வேலை நிலைத்திருப்பதை மெய்ப்பிக்கிறாள். நான் இவ்வரசுக்குப் பாரமாக மாட்டேன் என்பதை மெய்ப்பிக்கிறேன். எழுபது வயதைக் கடந்த ஒருவன், தான் பாரமல்லன் என்று வரிசையில் நின்று சொல்வதில் உள்ள அருவருப்பை அனுபவித்தவரே அறிவர்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி இளம்பெண். நான் இங்குள்ள நூலகத்தில் சிறுவர் பாடநூல்களைக் கொண்டு கற்ற ஜெர்மனில் வணக்கம் கூறினேன். அப்பாடநூல்களில் எல்லாரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே அழைக்கிறார்கள். ஆகவே அரசு அலுவலர் ஒருவரிடம், ‘நீ நன்றாகத் தூங்கினாயா?’ என்று கேட்டுவிட்டேன். அப்பெண்ணின் முகத்தில் ஒரு சுளிப்பும் தோன்றவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல், ‘ஆம், தாத்தா’ என்று மெதுவாகச் சொன்னாள். அந்தக் கனிவு என்னை அன்று முழுதும் உறுத்தியது.

பிறகு அவள் செல்வியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வேலை தொடர்கிறதா? ஆண்டுதோறும் ‘ஆம்’ என்று உடனே பதில் சொல்லும் என் மகள், இம்முறை சற்று நேரம் பேசாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னர், ‘தற்போது தொடர்கிறது’ என்றாள்.

அந்த மௌனத்துக்குக் காரணம் நம் ஊர், தூத்துக்குடி. அதனாலேயே இதனை நம் ஊராருக்கு எழுதுகிறேன்.

2

முதலில் அவள் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். எனக்கு விளங்கிய அளவே சொல்கிறேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். எனக்கு விளங்குமளவு அவள் சொல்லித்தந்தது அவளுடைய பொறுமை.

தொலைவிலுள்ள இரண்டு அலுவலகங்கள் தமக்குள் இரகசியமாகச் செய்தி அனுப்ப வேண்டுமானால் இருவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். சாவி என்றால் இரும்பன்று; சுழியும் ஒன்றுமாக நீளும் ஓர் எண்வரிசை. குவாண்டம் மறையாக்கம் என்னும் முறையில் அவ்வரிசையைக் கண்ணாடி இழையின் வழியே ஒவ்வோர் ஒளித்துகளாக அனுப்புகிறார்கள். இடையில் நின்று அத்துகளைத் தொட்டுப் பார்க்கும் ஒற்றன் அதன் நிலையைக் குலைக்காமல் பார்க்க இயலாது. அக்குலைவு மறுமுனையில் பிழையாக வந்து சேரும். இரு முனையாரும் கிடைத்தவற்றுள் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி, ஊரறிய ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணுகிறார்கள். ஒப்பிடப்பட்டவை வெளியே தெரிந்துவிட்டமையால் அவை வீண், எஞ்சியவையே பயன்படும்.

முத்துக்குளிப்பாகிய சலாபம் கண்ட நம் கடற்கரைக்கு இது புதிதன்று. சலாபம் நடத்துவதற்கு முன்னர், கடலடிப் படுகையிலிருந்து கொஞ்சம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, எஞ்சிய படுகையின் தரத்தை ஊகிப்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது நடந்த இறுதிச் சலாபங்களுள் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்தபின் கழுவி முத்தெடுப்பார்கள். கடற்காற்று எங்கள் தெருப்பக்கம் திரும்பிய நாளில் ஒருவரும் சோறுண்ண முடியவில்லை. முத்தின் ஒளியைப் பற்றி மேடையில் முழங்குவோர் அந்த நாற்றத்தைச் சொல்வதே இல்லை. ஒவ்வோர் ஊர்விழாவிலும் நான் அதை எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

இனி என் மகளின் பங்கு. கண்ட பிழையைக் கொண்டு, ஒற்றன் எவ்வளவு அறிந்திருக்கக்கூடும் என்று கணக்கிட வேண்டும். அவள் துறையில் இதை மறுபக்கமிருந்து கேட்கிறார்கள்: அவனுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தெரியாது? அத்தெரியாமையின் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். எவ்வளவு தந்திரக்காரனாக இருந்தாலும், எத்தகைய கருவி வைத்திருந்தாலும், அவனது தெரியாமை இதற்குக் கீழே போகாது என்று ஐயமறக் காட்டுவது கீழ்வரம்பு. அவ்வரம்பு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு எண்வரிசையைச் சுருக்கி எடுத்தால் அதுவே சாவி. பிழை மிகுந்து வரம்பு சுழியைத் தொட்டால் சாவி இல்லை. இயந்திரம் வாய்மூடி இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்ததை அளக்கின்றன. என் மகளோ முகமறியாத ஒருவனுக்குத் தெரியாததை அளந்து சம்பளம் வாங்குகிறாள்.

புத்தகங்களில் உள்ள வரம்புகள், முடிவில்லாமல் ஒளித்துகள்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் பொருந்துபவை. பணம் கொடுத்து இயந்திரம் வாங்குகிறவன் முடிவில்லாமல் காத்திருக்க மாட்டான். சில நிமிட ஓட்டத்தில் கிடைத்த சிறு மாதிரியை நம்பி உறுதி கூறவேண்டுமானால், மாதிரி நம்மை ஏமாற்றியிருக்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். வரம்பு மளமளவென்று சரியும். அச்சரிவை நேர்மையான கணிதத்தால் எவ்வளவு தடுக்கலாம் என்பதே அவளுடைய ஆராய்ச்சி. சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அரிசி களைந்த ஈரக்கையோடு கூடத்துக்கு ஓடிவந்து, “அப்பா, ஏறிட்டு! கொஞ்சமா ஏறிட்டு!” என்று கத்தினாள். ஏறியது அவ்வரம்பு என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் தாய் போனபின் அந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. ஆகையால் நானும் சிரித்தேன்.

3

அவள் வேலை பார்த்த நிறுவனம் இவ்வியந்திரத்தைச் செய்து விற்கிறது. இந்தியாவில் விற்பனைக்குப் பொறுப்பானவர் ஆறுமுகநேரியைச் சேர்ந்த ராஜதுரை. நாற்பத்தைந்து வயதிருக்கும், எவரையும் சிரிக்க வைத்துவிடும் நாக்கு. நம் துறைமுகச் சாலையில் உள்ள தனியார் சரக்குக் கிடங்கு ஒன்றுக்கும், நகருக்குள் உள்ள அதன் அலுவலகத்துக்கும் இடையே இவ்வியந்திரத்தைப் பொருத்தும் ஒப்பந்தத்தை அவர் பிடித்திருந்தார். எந்தச் சரக்குப் பெட்டியை எந்த லாரியில் ஏற்றி விடலாம் என்னும் உத்தரவுகள் அவ்வழியே போகும். வேம்பாரிலிருந்தும் ஓட்டப்பிடாரத்திலிருந்தும் மிளகாய் வற்றலும் பருத்தியும் கொண்டுவந்து அக்கிடங்கில் வைப்பவர்கள் உங்களுள்ளும் இருப்பீர்கள். உத்தரவு களவுபோனால் பெட்டியும் களவுபோகும்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சென்று வந்த அன்று மாலையே, நிறுவன வேலையாக ஜெர்மனிக்கு வந்திருந்த ராஜதுரை எங்கள் வீட்டுக்கு உணவுண்ண வந்தார். கையில் மக்ரூன் இனிப்பு டப்பா.

“என்ன அண்ணாச்சி, சொகமா இருக்கியளா? குளிரு எலும்பைக் கடிக்காக்கும்?”

“கடிக்கது குளிரு மட்டும்னா பரவாயில்ல தம்பி. உக்காருங்க.”

“தங்கச்சி, இந்தா. நம்மூரு மக்ரூன். கடையில நிக்க வச்சு, சூடு ஆறுததுக்குள்ள கட்டி வாங்கிட்டு வாரேன்.”

செல்வி மூடியைத் திறந்து பார்த்தாள். “பாதிதானே இருக்கு அண்ணே?”

“பிளேன்ல அமுங்கிப் போச்சும்மா. பொட்டிய எறியுதானுவ பாரு, கல்லை எறிஞ்ச மாதிரி.”

“அமுங்கினா தூளாவது இருக்கணும்லா? தூளையும் காணோமே.”

ராஜதுரை என்னைப் பார்த்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார். “பசிச்சுது. தின்னுட்டேன். போதுமா?”

மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். பின்னர் உணவுண்டோம். இந்நாட்டு மீன் தலையும் முள்ளும் வாசனையும் நீக்கப்பட்டுச் சோப்புக்கட்டிபோல் உறைந்து வருவது. அதைக் குழம்பில் இட்டாலும் அது தன்னை மீன் என்று ஒப்புக்கொள்வதில்லை. ராஜதுரை அதைப் புகழ்ந்து புகழ்ந்து உண்டார். அப்போதே எனக்கு ஐயம் தோன்றியிருக்க வேண்டும்.

கை கழுவி வந்தவர் ஓர் அழைப்பிதழை எடுத்து என் முன் வைத்தார். கிடங்கில் நடக்கவிருக்கும் தொடக்கவிழா. குத்துவிளக்கேற்றுபவர் என்னும் இடத்தில் என் பெயர், பெயருக்கு முன்னால் ‘உயர்திரு’. கீழே, ‘இவ்வரிய பூட்டைப் படைத்த நம் மண்ணின் மகளின் தந்தை’. நான் அதை இருமுறை வாசித்தேன். வாழ்நாள் முழுதும் பிறர் சரக்கைப் பிறருக்காக எண்ணிக் கொடுத்தவனின் பெயர் அதுவரை எந்த அழைப்பிதழிலும் ஏறியதில்லை.

“டிக்கெட்டு கம்பெனி போடுது அண்ணாச்சி. நீங்க வந்து விளக்கேத்துனாப் போதும். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒங்க மக ஒரு கையெழுத்துப் போடணும். அதைப் போடாம என் உசிரை வாங்குதா.”

“ஏளா, எதுக்குப் போடல?” என்று கேட்டேன்.

செல்வி மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “அந்தக் கேபிள் உப்பளத்து ஓரமா கம்பத்துல தொங்குதுப்பா. மேக்காத்து அடிச்சா ஆடுது. ஆடினா எரர் எகிறுது. எகிறினா வரம்பு சுழிக்குப் போயிரும், சாவி வராது. காத்து அடங்குத வரைக்கும் மெஷின் சும்மா இருக்கணும். இவரு என்ன சொல்லுதாருன்னா, ஒரு அளவு வரைக்கும் வர்ற எரரை எல்லாம் காத்துன்னு கழிச்சிட்டு, மிச்சத்தை மட்டும் திருடன் பேருல எழுதுன்னு சொல்லுதாரு. அப்படி எழுதினா வரம்பு நல்லா ஒசந்து நிக்கும். அது சரின்னு நான் கையெழுத்துப் போடணுமாம்.”

“காத்துதானே தாயி!” ராஜதுரை இரு கைகளையும் விரித்தார். “நான் என்ன பொய்யா சொல்லுதேன்? ஆனி மாசம் நீ வந்து அங்கன நில்லு. இடுப்புல சேலை நிக்காது. அந்தக் காத்துல கேபிள் ஊஞ்சல் ஆடுது. திருடனா வந்து ஆட்டுதான்?”

“காத்தாத்தான் இருக்கும். எனக்கும் அதான் தோணுது. ஆனா எரர் வரும்போது நான் காத்து, நான் திருடன்னு நெத்தியில எழுதிக்கிட்டா வருது? எத்தனைன்னுதான் எனக்குத் தெரியும். யாருன்னு தெரியாது. அம்புட்டையும் திருடன் தலையில போட்டாத்தான் கணக்கோட புரூஃப் நிக்கும்.”

“எந்தத் திருடன்? ஒரு வத்தல் யாவாரி பொட்டி எந்த லாரியில ஏறுதுன்னு ஒட்டுக்கேக்க, குவாண்டம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு உப்பளத்துல எவன் வந்து குத்தவச்சிருக்கான்?”

“ஒருத்தனும் இல்லைன்னா பூட்டு எதுக்கு அண்ணே? கதவைத் தொறந்து போட்டுரலாமே.”

“வரம்பைக் கொஞ்சம் ஏத்திக் குடும்மான்னுதான் கேக்கேன்.”

“ஏத்தத்தான் ரெண்டு வருசமா மாடு மாதிரி ஒழைச்சேன். ஏறுத மட்டும் ஏத்தியாச்சு. அதுக்கு மேல ஏத்தினா அது கணக்கு இல்ல, கதை.”

ராஜதுரை அவளை விட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “அண்ணாச்சி, நீங்க மாலத்தீவுல, மாலேயில இருந்து யாவாரம் பாத்தவிய. நீங்களே நியாயம் சொல்லுங்க. சேதாரக் கழிவு இல்லாத தொழில்னு ஒண்ணு உண்டா?”

அழைப்பிதழ் என் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தது.

“இல்லதான்,” என்றேன். “எந்தத் தொழில்லயும் கழிவு உண்டும்லா, செல்வி? அதுக்கு ஒரு அளவு வச்சுக் குடுத்துட்டுப் போயிர வேண்டியதுதானே?”

அவள் துடைப்பதை நிறுத்தினாள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

4

மறுநாள் காலையில் காப்பிக் கோப்பையை என்முன் வைத்துவிட்டு எதிரில் அமர்ந்தாள்.

“அப்பா, மாலேயில நீங்க குடுத்த கழிவு என்ன கழிவு?”

புலம்பெயர்வது எனக்கு முதல்முறையன்று. செல்வி சிறு பெண்ணாக இருந்த காலத்தில், தூத்துக்குடி வணிகர் ஒருவரின் ஆளாக மாலத்தீவின் தலைநகரான மாலேயில் பல ஆண்டுகள் இருந்தேன். நம் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகளில் வெங்காயமும் பருப்பும் செங்கல்லும் வரும். இறங்கும் சரக்கை எண்ணி எடுப்பது என் வேலை. நூறு மூட்டை வெங்காயம் ஏற்றினால் நூறும் வந்து சேரும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. கடல் நீர் பட்டு அழுகும். அலையடிக்கும்போது பாரம் குறைக்கக் கடலில் தள்ளுவதும் உண்டு. ஆகவே நூற்றுக்கு மூன்று மூட்டை கடலுக்கு என்று வழக்கம். மூன்றுக்குள் குறைந்தால் தோணியின் தலைவரான தண்டலிடம் ஒரு சொல் கேட்கக்கூடாது. கேட்பது அவரை அவமதிப்பதாகும். ‘கடல் குடிச்சுட்டு’ என்பார், நாங்கள் தலையசைப்போம். எனக்கு முன்பிருந்தவரும் அப்படியே தலையசைத்தார். வழக்கத்தை ஏற்படுத்தியவர் எவர் என்று யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன்.

“காத்து பலமா இருக்க மாசத்துல எத்தனை மூட்டை குறையும்?”

“மூணு.”

“கடல் அமந்து கிடக்குமே, மாசி பங்குனி. அப்ப?”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“சொல்லுங்கப்பா.”

“மூணு,” என்றேன்.

“எண்ணெய் மாதிரி கெடக்க கடல் மூணு மூட்டை வெங்காயம் குடிச்சுதாக்கும்?”

அத்தனை ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். எண்ணிக்கையில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் அவ்வெண் பருவத்துக்குப் பருவம் மாறாமல் நின்றதை ஒருநாளும் வியக்கவில்லை. கடல் எடுத்திருந்தால் ஒருமுறை ஒன்று, ஒருமுறை ஐந்து என்று எடுத்திருக்கும். கடலுக்கு வழக்கம் தெரியாது. மனிதனுக்குத்தான் தெரியும். மூன்று வரை கேள்வி இல்லை என்று தெரிந்த எவனோ, கடல் எதையும் கேட்காத நாளில் அம்மூன்றையும் நிதானமாகத் தனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான். நாங்கள் கடலுக்கென்று ஒதுக்கிய இடம் அவனுக்கு வீடாயிற்று.

“அதேதான்ப்பா,” என்றாள் செல்வி. அவள் குரலில் வெற்றி இல்லை, களைப்பே இருந்தது. “காத்துக்குன்னு இம்புட்டுன்னு நான் எழுதிக் குடுத்துட்டேன்னு வைங்க. திருடன் என்ன செய்வான்? அந்த ஆடுத கேபிளை எடுத்துட்டு, ஆடாத நல்ல கேபிளா ஒண்ணு மாட்டுவான். இப்ப காத்தோட எரர் காணாமப் போச்சு. அந்த எடம் காலியா இருக்கு. அதுக்குள்ள உக்காந்து ஒட்டுக்கேப்பான். எங்களுக்கு மொத்த எண்ணிக்கை பழையபடியே தெரியும். காத்துன்னு கழிச்சுட்டு, சாவி பத்திரமா இருக்குன்னு மெஷின் சொல்லும். புரூஃப் இருக்கதே இந்த ஒருத்தனுக்காகத்தான். அவன் ஒளிய நானே ஒரு அறை கட்டிக் குடுத்து, கதவுல ‘காத்து’ன்னு பலகையும் மாட்டவா?”

என் கோப்பையை எடுத்துக்கொண்டே, “நீங்களும் அதைச் சொல்லுவியன்னு நான் நெனைக்கல,” என்றாள்.

நான் எழுந்து அழைப்பிதழை எடுத்தேன். தடித்த, வழவழப்பான தாள்; தங்க எழுத்து. முந்திய நாள் அதை இருமுறை வாசித்த அதே கண்களால் இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை. ராஜதுரை மீது எழுந்த அருவருப்பைவிட, எந்தச் சொல்லைக் கேட்டால் நான் இணங்குவேன் என்று அவர் சரியாக அறிந்து வந்திருந்தாரே, அதுவே மிகுதியாகக் குமட்டியது. ‘கழிவு’ என்ற ஒரு சொல்லை நம் ஊரான் நம் ஊரானிடம் கொண்டுவந்து வைத்தால் போதும், நாம் தலையசைத்துவிடுகிறோம். எடைக்கல்லில், உப்பில், ரேசன் சீனியில், எல்லாவற்றிலும் தலையசைத்தே வளர்ந்தோம்.

“கையெழுத்துப் போடாத, ஏளா,” என்றேன்.

“போடாட்டி வேலை நிக்காதுப்பா. வேலை நிக்காட்டி நீங்களும் இங்கன நிக்க முடியாது.”

“தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தவன் நான்.”

5

அவள் கையெழுத்திடவில்லை. நிறுவனத்தினர் அவளை அழைத்து மிகவும் மரியாதையாகப் பேசினார்களாம். இந்நாட்டில் ஒருவரை வெளியேற்றும்போது காட்டும் மரியாதை வேறெப்போதும் கிட்டாது. தேநீர் கொடுத்து, நலம் விசாரித்து, எதிர்காலத்துக்கு வாழ்த்துக் கூறுவார்கள். அவளே விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தாள். கையெழுத்துக்கு வேறொருவர் கிடைத்தார். அவர் அவளுடன் நாள்தோறும் ஒரே மேசையில் உணவுண்டவர். அவளுடைய கணிதத்தில் பிழை இருப்பதாக அவர் சொல்லவில்லை. ‘நடைமுறைக்கு இது போதும்’ என்று மட்டும் சொன்னாராம். அவர் பெயரைச் செல்வி என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மீண்டும் சென்றோம். புது வேலை தேடிக்கொள்ளச் சில மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இம்முறை அந்த இளம் அதிகாரியை முறைப்படி ‘தாங்கள்’ என்றே அழைத்தேன். அவள் என்னைத் தாத்தா என்று அழைக்கவில்லை. எல்லாம் ஒழுங்காயிற்று.

ராஜதுரை தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணாச்சி, தங்கச்சி அவசரப்பட்டுட்டா. சரி, நடந்தது நடந்து போச்சு. டிக்கெட்டு இப்பப் போட முடியாதுன்னு கம்பெனில சொல்லிட்டாவ. ஆனா பத்திரிகை அடிச்சு ஊருக்கே குடுத்தாச்சு. ஒங்க பேரு அதுல இருக்கு. வீட்டுல இருந்தே வீடியோவுல வந்து ஆசீர்வாதமா ரெண்டு வார்த்தை பேசிருங்க. வேலையை விட்டது மட்டும் ஊருக்குத் தெரியாண்டாம்.”

“எதுக்குத் தெரியாண்டாம்?”

“மண்ணின் மகள் செஞ்சதுன்னுதானே அண்ணாச்சி யாவாரிய எல்லாம் நம்பி வாராவ!”

அவள் மறுத்த பூட்டை அவள் பெயரைச் சொல்லியே விற்கிறார்கள். பேசுகிறேன் என்று சொன்னேன்.

செல்வி வியப்போடு பார்த்தாள். “நெசமாவா பேசப் போறிய? அவரு குடுக்க ரெண்டு வார்த்தையிலயா?”

“ரெண்டு வார்த்தைக்குள்ள சொல்லிருவேன்,” என்றேன்.

6

விழா நாளன்று வெளுத்த வேட்டியும் சட்டையும் அணிந்து கணினிமுன் அமர்ந்தேன். இங்கே காலைப்பொழுது, அங்கே நல்ல வெயில். செல்வி கணினியின் பின்புறம் நின்றுகொண்டாள். படத்தில் விழ அவளுக்கு விருப்பமில்லை.

திரையில் நம் ஊர் தெரிந்தது. கிடங்கின் முற்றத்தில் துணிப்பந்தல். நீங்களும் அங்கே இருந்திருக்கலாம். ஆனி மாதத்து மேல்காற்று தன் முழு வலிமையோடு வீசிக்கொண்டிருந்தது. பந்தல் துணி படகுப் பாய்போல் உப்பி அறைந்தது. வாழைமரம் கட்டிய கம்பத்தை இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் இடத்தில் விளக்கேற்ற வந்தவர் எத்தனை முறை முயன்றும் சுடர் நிற்கவில்லை. கடைசியில் ஏற்றாமலே கைகூப்பிவிட்டு அமர்ந்தார். மணல் பறந்து முன்வரிசையினர் கண்களைக் கசக்கினார்கள். தொலைவில் உப்பளத்து ஓரத்தில் கம்பங்களுக்கிடையே கேபிள் துள்ளுவது எனக்கே தெரிந்தது.

மேடையின் நடுவே பெரிய திரை. அதில் பச்சை நிறத்தில் ஓர் எண்: நொடிக்கு எவ்வளவு சாவி பிறக்கிறது என்பது. ராஜதுரை அதைச் சுட்டிக்காட்டி, “பாத்தியளா, எப்படிக் கொட்டுது!” என்றார். கைதட்டல் எழுந்தது.

“நம்பர் எப்படி இருக்கு?” என்று செல்வி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அசையல.”

“காத்து?”

“பந்தல் பிய்யுது.”

அந்த எண், மாலேயில் நான் எண்ணிய மூன்று மூட்டைபோல், எந்த வானிலையும் தன்னைத் தீண்டாத செருக்கோடு நின்றது. சலாபக் காலத்தில் எங்கள் தெருவுக்குள் வந்த அந்த நாற்றத்தைக் கடல் கடந்து இவ்வறையில் மீண்டும் முகர்ந்தேன்.

“இப்ப நம்ம அண்ணாச்சி ஜெர்மனில இருந்து ஆசீர்வாதம் பண்ணுவாவ!” என்று ராஜதுரை அறிவித்தார். என் முகம் அந்தப் பச்சை எண்ணுக்கு அருகில் பெரிதாகத் தோன்றியது.

வணக்கம் சொன்னேன். பிறகு சொன்னேன்: “என் மக இந்த வேலையை விட்டுட்டா. ஏன்னு கேக்கணும்னா எல்லாரும் ஒரு நிமிசம் தலைக்கு மேல பந்தலைப் பாருங்க. பாத்தாச்சா? இப்ப அந்தத் திரையில இருக்க எண்ணைப் பாருங்க. அது...”

ராஜதுரையின் கை மேசைமேல் இருந்த மடிக்கணினியை நோக்கிப் போனதைக் கண்டேன். மேடைத் திரையில் என் முகம் மறைந்தது. ஆனால் விழாவை ஊராருக்கு நேரலையாகக் காட்டிய மற்றொரு படம் என் கைப்பேசியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் அவர் ஒலிவாங்கியை எடுத்து, சிரித்த முகத்தோடு கைகளை விரித்ததையும் கண்டேன்.

“அண்ணாச்சி லைனு காத்துல போயிட்டு!” என்றார். “நம்ம ஊரு காத்தைப் பத்தி ஒங்களுக்கா சொல்லணும்?”

நீங்கள் சிரித்தீர்கள். தலையசைத்தீர்கள். கைதட்டினீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படித் தலையசைத்தவன் நானும்.

ஆயினும் பாதியில் நின்ற அச்சொற்றொடரை முடித்துவிடும் கடமை எனக்கு உண்டு. நான் சொல்லவந்தது இதுதான்: அது அசையவில்லை. கேபிள் அவ்வளவு ஆடும்போது நேர்மையான இயந்திரம் சாவி இல்லை என்று சொல்லி நின்றிருக்கும். அக்கிடங்கில் உங்கள் வற்றலோ பருத்தியோ இருந்தால், அடுத்தமுறை மேல்காற்று வீசும் நாளில் போய் அந்தத் திரையைப் பாருங்கள். எண் இறங்கிச் சுழியில் நின்றால், என் மகள் சொன்னதைக் காலம் கடந்தேனும் கேட்டிருக்கிறார்கள். அசையாமல் நின்றால் சரக்கை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். யாரேனும் ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அது ஏற்கெனவே அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது.